பாய் வரைந்த பச்சை அம்பு

பாய், எப்படி இருக்கிறீர்கள்? போன இடத்தில் முட்டிக்கு ஒத்தடம் கொடுக்க ஆள் இருக்கிறதா? அங்கே மேடு பள்ளம் இல்லாமல், படி ஏறாமல், உட்கார ஒரு நல்ல நாற்காலி கிடைத்திருந்தால் போதும் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். கடலை பறித்தாயிற்று. மழைதான் வருவேன் என்று முகம் காட்டிவிட்டு மலைக்கு அந்தப் பக்கமே பெய்துவிட்டுப் போகிறது.

எனக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் செல்வி எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரியே எழுதினால் கடிதம் மாதிரி இருக்காதாம், அதனால் கொஞ்சம் சீர்செய்துதான் எழுதுகிறாள். நடுநடுவே "மாமா, விஷயத்துக்கு வாங்க" என்கிறாள். நீங்கள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன சொல் அது.

விஷயம் இதுதான். நேற்றுக் காலை பஞ்சாயத்து ஆபீசுக்கு ஒரு பெண் வந்திருந்தாள். நீங்கள் வேலை பார்த்த அதே மெட்ராஸ் ஆபீசிலிருந்து. மேசையில் ஒரு பெரிய சார்ட் பேப்பரை விரித்து, நாலு மூலையிலும் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டு, பச்சை மார்க்கர் பேனாவின் மூடியைக் கழற்றினாள். அந்த வாசனை வந்தது பாய். ஊசி போடுவதற்கு முன்னால் கையில் தடவுவார்களே, அந்த மாதிரி ஒரு வாசனை. உங்கள் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். நான் உங்களைத் தேடித் திரும்பிப் பார்த்துவிட்டேன். பக்கத்தில் நின்ற வார்டு மெம்பர், "இன்னா தேடற?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் முதன்முதலில் வந்ததும் ஒரு காலைதான். பௌர்ணமி முடிந்த மறுநாள். கிரிவலப் பாதையில் என் மோர்க்கடைப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பேங்கில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் என்றெல்லாம் எனக்குத் தெரியாது. வெள்ளைச் சட்டை, கையில் சுருட்டிய காகிதம், நடையில் லேசாக ஒரு நொண்டல். ஒரு மோர் வாங்கிக் குடித்துவிட்டுக் கேட்டீர்கள்.

"நேத்து வித்த காசு எங்க போவும்ணே?"

"வீட்டுக்குதான்."

"வீட்ல இருந்து?"

"மளிகைக்கு."

"மளிகைக்காரரு அத இன்னா பண்ணுவாரு?"

"அத அவர்கிட்ட போய்க் கேளுங்க" என்றேன். வரி வசூலுக்கு வந்த ஆள் என்று நினைத்துவிட்டேன். நீங்கள் சிரித்துக்கொண்டே நிஜமாகவே போய் அவரைக் கேட்டீர்கள். அவர் உங்களை மகன் கல்யாணத்துக்கு விசாரிக்க வந்த பெண் வீட்டுக்காரர் என்று நினைத்து உட்காரவைத்து, தன் சொத்தையெல்லாம் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லி, போண்டா வேறு வாங்கிக்கொடுத்தார். அந்தக் கல்யாணம் அப்புறம் போளூரில் முடிந்தது. அதில் ஒரு கதை இருக்கிறது, ஆனால் செல்வி பேனாவைத் தூக்கிவிட்டாள்.

உங்கள் வேலை எனக்குப் புரியவே ஒரு மாசம் ஆனது. தண்ணீருக்கு, மரத்துக்கு, மண்ணுக்கு, வெயிலில் எடுக்கிற கரண்டுக்கு என்று ஜில்லாவுக்குள் வருகிற பணம் எங்கிருந்து புறப்படுகிறது, யார் கை மாறுகிறது, கடைசியில் எங்கே போய் நிற்கிறது என்று பின்னாலேயே நடந்து போய்ப் பார்க்க வேண்டும். பார்த்ததைப் படமாகப் போட வேண்டும். நல்லதுக்குப் போகிற பணம் பச்சை அம்பு, மற்றது சிவப்பு. பணம் ஜாஸ்தியானால் அம்பு தடிமன். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் மேலே இருப்பவர்கள், அடுத்த பணத்தை எந்த ஊரில் போடலாம், எந்தச் சட்டத்தை மாற்றலாம் என்று முடிவு செய்வார்கள். நான் உடனே கெட்டிக்காரத்தனமாக, "அட, பணமும் தண்ணி மாதிரிதான் ஓடுதுன்னு சொல்லுங்க" என்றேன்.

"தண்ணி மேடு ஏறாதுண்ணே. பணம் ஏறும்" என்றீர்கள்.

ஊர் ஊராய் உங்களோடு நடந்தேன். எனக்கு எல்லா வீட்டு ஆளையும் தெரியும், உங்களுக்கு என்ன கேட்க வேண்டும் என்று தெரியும். செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை விடுகிற ஒருவர், மாடியில் சோலார் தகடு பதித்திருந்தார். பேங்க் கடன் என்றார். நீங்கள் பேங்க் ஆசாமி, பேங்க் முழுசாகக் கொடுக்காது என்று தெரியும். மீதி எங்கிருந்து வந்தது என்று கேட்டபடியே டீயைக் குடித்தீர்கள். கடைசியில் அவர் சம்சாரம்தான் சமையல்கட்டிலிருந்து சொன்னாள், தன் சங்கிலி போன கதையை. நீங்கள் பேங்கிலிருந்து ஓர் அம்பும், அந்த அம்மா கழுத்திலிருந்து ஓர் அம்பும் போட்டீர்கள். "மொத அம்பு ஆபீஸ்ல இருக்கறவங்களுக்கே தெரியும்ணே. ரெண்டாவதுக்காகத்தான் நாம நடக்கறோம்" என்றீர்கள்.

இன்னொரு தடவை, மரக்கன்றுக்கு வந்த பணத்தைப் பிடித்துக்கொண்டே போனோம். கன்று காய்ந்துபோயிருந்தது. கன்றைச் சுற்றி வைத்த இரும்புக் கூண்டுகளைக் காணோம். தேடிப் போனால் ஒருத்தர் அத்தனையையும் சேர்த்துக் கட்டி ஆட்டுக்குட்டிகளை அடைத்து வைத்திருந்தார். நீங்கள் கோபப்படவில்லை. குட்டிகளை எண்ணினீர்கள். பச்சையாய்ப் புறப்பட்ட அம்பை ஆட்டுப்பட்டியில் கொண்டுபோய் நிறுத்தி, அது எந்தக் கலர் என்று தெரியாமல் பாதி வழியில் பேனாவை மாற்றினீர்கள். நான் அன்று சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கல் வந்து, ஆட்டுக்காரரே தண்ணீர் கொடுத்தார்.

நான் எதைச் சொன்னாலும் ஒரு கேள்வி கேட்பீர்கள். "அண்ணே, இது பாத்ததா, கேட்டதா?" பார்த்தது என்றால் எழுதுவீர்கள். கேட்டது என்றால் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்துவிட்டு, போய்ப் பார்த்த பிறகுதான் எழுதுவீர்கள். நான் கதை சொல்லியே வளர்ந்தவன். எந்தக் கதைக்கும் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது.

இனி நான் சொல்லப்போவதைக் கேட்டதும் செல்வி எழுதுவதை நிறுத்திவிடலாம். அவளுக்கு இது தெரியாது.

எங்கள் ஏரிக்கு வருகிற வரத்துக் கால்வாயைப் பற்றிக் கேட்டீர்கள். மலையில் பெய்கிற மழை அது வழியாகத்தான் ஏரிக்கு வர வேண்டும். பௌர்ணமிக்கு லட்சம் ஜனம் சுற்றுகிற பாதையை ஒட்டி இருப்பதால் தட்டும் கப்பும் பாட்டிலும் அடைத்து, மண் மூடிக் கிடக்கும். அதைச் சுத்தம் பண்ண யார் பணம் போடுகிறார்கள் என்று கேட்டீர்கள். அன்று உங்களோடு மெட்ராஸ் ஆபீசர் ஒருவர் காரில் வந்திருந்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு, எங்கள் ஊரைப் பார்த்து மூக்கைச் சுளித்துக்கொண்டு நின்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது பாய். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் பாதையில் கடை போடுகிற எல்லோரும் ஆளுக்கு நூறு ரூபாய் எடுத்து வைத்து, நாங்களே தூர் வாருகிறோம் என்று சொன்னேன்.

"பாத்ததாண்ணே?" என்றீர்கள்.

"பாத்தது" என்றேன்.

நடந்தது என்னவென்றால், ஒரே ஒரு தடவை, பெரிய மழைக்கு முன்னால், ஏழு கடைக்காரர்கள் சேர்ந்து நூறு நூறாகப் போட்டு ஒரு ஜேசிபியைக் கொஞ்ச நேரத்துக்குக் கூப்பிட்டோம். அவ்வளவுதான். ஏழு பேரை எல்லோருமாக்கி, ஒரு தடவையை மாசா மாசம் ஆக்கினேன். கதைக்கு அது நியாயம். ஆபீசருக்கு அவசரம், கார் கிளம்பிவிட்டது. என்னை நம்பி, போய்ப் பார்க்காமல், ஜனங்கள் பையிலிருந்து கால்வாய்க்கு ஒரு தடித்த பச்சை அம்பு போட்டீர்கள். உங்கள் படத்திலேயே அழகான அம்பு அதுதான்.

ஆபீசில் சும்மா விடவில்லை. ஒவ்வொரு கடைக்காரருக்கும் போன் போட்டு, கால்வாய்க்கு எல்லோரும் மாசா மாசம் நூறு ரூபாய் போடுகிறீர்களாமே என்று கேட்டார்கள். அதோடு என் பொய் உடைந்திருக்க வேண்டும். உடையவில்லை. அத்தனை பேரும் "ஆமா, போடறோம்" என்று சொல்லிவிட்டார்கள். ஏன் என்று எனக்கு அடுத்த வாரம்தான் விளங்கியது. பூக்கடைக்காரன் வந்து என் காதோடு, "நூறு ரூபா யார்கிட்டணே குடுக்கறது? எனக்கு மட்டும் யாரும் சொல்லவே இல்லியே" என்றான். அப்புறம் டிபன் கடைக்காரர், அப்புறம் படம் விற்கிறவர். நாலு பேர் தனித்தனியாக, மற்றவர்களுக்குத் தெரியாமல், நோட்டை மடித்துக்கொண்டு வந்தார்கள். ஊர் முழுக்கப் போடுகிறது, தான் மட்டும்தான் போடவில்லை என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு, வெட்கப்பட்டு ஆமாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த நோட்டை நான் வாங்கியிருந்தால் அந்த மாசத்திலிருந்து பொய் நிஜமாகியிருக்கும். வாங்கினால், இதுவரை வாங்கவில்லை என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே என்று, "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று அனுப்பிவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் கை எனக்கே பிடிக்கவில்லை.

கால்வாய் தூர் வார மேலேயிருந்து வருகிற பணம் எந்த ஏரிக்கு என்கிற பட்டியல் வந்தது. பக்கத்து ஊர் ஏரி இருந்தது, எங்கள் ஏரி இல்லை. தங்கள் கால்வாயைத் தாங்களே பார்த்துக்கொள்கிற ஊருக்கு எதற்குப் பணம், யாருமே செலவழிக்காத ஊருக்குக் கொடுப்போம் என்று முடிவாம். பேப்பரில் பார்த்தால் சரியான முடிவு. ஐப்பசி மழையில் தண்ணீர் கால்வாய்க்குள் வராமல் ரோட்டில் ஏறி ஓடியது. ஏரி பாதி கூட நிறையவில்லை. ஏரிக்கரையில் சாமந்தி வைத்திருந்த பச்சையம்மாவின் கிணறு தையிலேயே அடி தட்டிவிட்டது. அந்த ஏழு பேரில் அவளும் ஒருத்தி. பௌர்ணமிக்குப் பூ விற்ற காசில் எடுத்துக் கொடுத்தவள். நீங்கள் அவள் கிணற்றை எட்டிப் பார்த்தீர்கள். "பாய், படத்துல எங்க ஊரு நல்லா இருக்குதாமே. அந்தப் படத்துல இருந்து ரெண்டு கொடம் மொண்டு குடுங்க" என்றாள் அவள். நான் உங்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் காலை பஸ் ஏறி டவுனில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் குடைக்கம்பியைப் பிரித்து ரிப்பேர் பண்ணிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் வீட்டம்மா டீயும் ரஸ்க்கும் வைத்துவிட்டுப் போனார்கள். ரஸ்க் நனைந்து டீக்குள் விழுந்தது, நான் எடுக்கவில்லை.

"பாய், அது பாத்தது இல்ல" என்றேன்.

"எதுண்ணே?"

"கால்வாய்க் காசு."

நீங்கள் கம்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கேட்டதா?"

"கேட்டதும் இல்ல. நானா கட்டினது."

திட்டுவீர்கள் என்று பார்த்தேன். குடையைக் கீழே வைத்துவிட்டு, "துளி கூட நெசம் இல்லியா?" என்று மட்டும் கேட்டீர்கள். ஏழு பேரைப் பற்றிச் சொன்னேன். ஒவ்வொரு பெயராகக் கேட்டீர்கள். பச்சையம்மா பெயரைச் சொன்னபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டீர்கள். உள்ளேயிருந்து படத்தை எடுத்து வந்து தரையில் விரித்து, அந்தத் தடித்த அம்பை அடித்தீர்கள். அடித்துவிட்டு, அதன் பக்கத்திலேயே மயிரிழை மாதிரி ஒரு பச்சைக் கோடு இழுத்தீர்கள். எதற்கு இது என்று கேட்டேன்.

"இல்லாதத எழுதறது எவ்ளோ தப்போ, இருந்தத அழிக்கறதும் அவ்ளோ தப்புண்ணே. ஏழு பேரு போட்டது பணம்தான். கம்மி, அவ்ளோதான்."

ஆபீசில் என் பெயரைச் சொல்லிவிடுங்கள் என்றேன். நீங்கள் கேட்கவில்லை. "நீங்க கதை சொல்றவரு, கதை சொன்னீங்க. பாத்துட்டு எழுதறது என் வேல. நான் பாக்காம எழுதினேன்" என்றீர்கள். போய்ப் பார்க்காமல் எழுதியது என் தவறு என்று, திருத்திய படத்தையும் சேர்த்து அன்றே ஆபீசுக்குக் கடிதம் போட்டீர்கள். எங்கள் ஊரில் கூட்டம் போட்டபோதும் எழுந்து நின்று அதையே சொன்னீர்கள். ஜனங்கள் கண்டபடி பேசினார்கள். பேங்கிலே எத்தனை கணக்கை மாற்றினாரோ என்று ஒருவன் சொன்னான். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்க வேண்டும் என்று கால் சொன்னது. எழுந்திருக்கவில்லை. வெளியே வந்ததும் நீங்கள்தான் என் தோளில் கை போட்டு, வெயில் ஜாஸ்தி, வாங்க ஒரு சர்பத் குடிப்போம் என்றீர்கள்.

அதற்கப்புறம் வேலைக்கு வருவதை விட்டுவிட்டீர்கள். முட்டி வலி, இனிமேல் நடக்க முடியாது, நானே போதும்னு நின்னுட்டேன் என்று சொன்னீர்கள். நான் நம்பினேன். ஆடியில் நீங்கள் போன பிறகு, துக்கம் கேட்க வந்தபோது, உங்கள் வீட்டம்மா தெரியாமல் சொல்லிவிட்டார்கள், அந்தக் கடிதத்துக்கு மறுவாரமே ஆபீசில் உங்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று. எனக்குத் தெரிந்து நீங்கள் கட்டிச் சொன்ன ஒரே கதை அதுதான் பாய். என்னிடம், எனக்காக. உங்கள் கேள்வியை அன்றைக்கு நான் உங்களைக் கேட்டிருக்க வேண்டும். நல்லா கட்டியிருந்தீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கேயும் தையல் தெரியவில்லை.

செல்வி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். "மாமா, அது நீங்களா?" என்கிறாள். எழுதும்மா என்கிறேன். இப்போது எழுதுகிறாள்.

நீங்கள் அனுப்பிய கடிதத்தால்தான் நேற்று அந்தப் பெண் வந்திருக்கிறாள். திருத்திய படத்தைப் பார்த்து, இந்த ஊரை மறுபடி கணக்கெடுக்கச் சொல்லியிருக்கிறார்களாம். இன்றைக்குப் பதினொரு மணிக்கு ஊர்க் கூட்டம். நேற்று சாயங்காலம் டீக்கடையில் ஊரே கூடிப் பேசிவைத்துவிட்டது. கால்வாய்க்கு யாரும் எந்தக் காலத்திலும் ஒரு பைசா போட்டதில்லை என்று எல்லோரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டுமாம். அப்போதுதான் பணம் வருமாம். "போன தபா அந்த பாய் தப்பாப் படம் போட்டு ஊரக் கவுத்துட்டாரு. இந்தத் தபா உஷாரா இருக்கணும்" என்றான் டீக்கடைக்காரன். பச்சையம்மா ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தான் போட்ட நூறு ரூபாயை ஊர் சேர்ந்து அழிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "கதைக்காரே, நீதான் நல்லாப் பேசுவ. நீயே எழுந்து சொல்லிடு" என்று எனக்கே அந்த வேலையைக் கொடுத்துவிட்டார்கள்.

ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. நான் நிஜத்தைச் சொல்லி, அந்த மெல்லிய கோட்டைப் பார்த்து, மறுபடி பணம் பக்கத்து ஊருக்குப் போய்விட்டால்? ஊர் என்னைச் சும்மா விடாது. சொல்லாவிட்டால் உங்கள் பெயர் அந்த டீக்கடையில் அப்படியே கிடக்கும், நான் தினமும் அங்கேதான் டீ குடிக்க வேண்டும். முன்பெல்லாம் கதை சொல்ல வாயைத் திறந்தால் தானாக வரும். இப்போது மாட்டைப் பற்றிச் சொன்னாலும் மழையைப் பற்றிச் சொன்னாலும், பாத்ததா கேட்டதா என்று உள்ளே ஒரு குரல் நொண்டி நொண்டி வந்துவிடுகிறது. கேட்டது என்றால் கேட்டது என்றே சொல்லிவிடுகிறேன். என் கதையெல்லாம் பாதியாகக் குறைந்துவிட்டது பாய். கேட்பவர்கள் குறையவில்லை, அதுதான் ஆச்சரியம்.

பச்சையம்மா வாசலில் வந்து நிற்கிறாள். "மாமா, எல்லாரும் வந்தாச்சு. உங்களத்தான் கேக்கறாங்க, வாங்க" என்கிறாள். இரும்மா, ஒரு நிமிஷம். பாய், இதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். நான் அங்கே எழுந்து நின்றதும் முதல் பேச்சாக, அந்தக் கால்வாய் விஷயத்துல பொய் சொன்னது பாய் இல்லீங்க, நான்தான் என்று சொல்லிவிட்டு, அப்புறம் அந்த ஏழு பேரையும் பெயர் சொல்லி, முதலில் பச்சையம்மாவை...

(மாமா பாதியிலேயே எழுந்து கூட்டத்துக்குப் போய்விட்டார். - செல்வி)